மூன்றரை வோல்ட்

எக்கோசவுண்டர், வயர்லெஸ், ஜி.பி.எஸ்.
உப்பு தின்றதெல்லாம்தான் பாம்பனில் என் மேசைக்கு வரும்.
எமெரிட் தூக்கி வந்ததோ
மீன்பெட்டி கனத்தில் ஒரு வால்வு ஆம்ப்.
தூத்துக்குடியில் பழைய கப்பல் சாமானோடு
அவன் மாமா ஏலத்தில் எடுத்தது.
தங்கச்சிமடத்துத் திருவிழாப் பந்தலில்
இருபது வருசமாய் அதில்தான் கிட்டார்.

"சத்தம் குறையல. அரைமணி நேரத்துல
ஒரு வால்வு சிவந்து போகுது.
சரிபண்ணு. ஆனா டோனைத் தொட்டுராத, சீலியா."

வலையை நனைக்காமல்
மீன் பிடிக்கச் சொல்கிறான்.

மூடியைக் கழற்றினேன். துருவில் விரல் மஞ்சளானது.
சாக்கெட்டுகளுக்கு நடுவே
மெழுகு பூசிய காகிதக் கெப்பாசிட்டர்,
வெயிலில் விட்ட மெழுகுத்திரிபோல் ஒருபக்கம் சாய்ந்து.

அதன் வேலை சின்னது.
முதல் வால்வின் தகட்டில் நூற்றெண்பது வோல்ட்
கடலாய் நிற்கிறது.
அதன்மேல் கிட்டார் ஒரு சிற்றலை.
கெப்பாசிட்டரிடம் சொல்லிவைத்தது இவ்வளவுதான்:
கடலை விடாதே, அலையை விடு.

மீட்டரை வைத்தேன்.
அடுத்த வால்வின் கிரிட்டில்,
ஒன்றுமே இருக்கக்கூடாத இடத்தில்,
மூன்றரை வோல்ட்.
இருபது ஆடி மாதத்துக் கச்சான்
ஈரத்தோடு வந்து
அந்தக் காகிதத்துக்குள் குடியேறியிருக்கிறது.

எமெரிட்டைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தேன்.
ஒவ்வொரு முறையும் அணைத்து,
தேங்கிய மின்சாரத்தை வடித்து,
கிளிப்பில் ஒவ்வொன்றாய் மாட்டினேன்:
செத்த டி.வி.யிலிருந்து கழற்றிய மஞ்சள் பாலியெஸ்டர்,
பொட்டளவு செராமிக்,
ரிச்சி தெருக்காரன் தங்கம்போல் விலை சொன்ன
எண்ணெயில் ஊறிய ரஷ்யக் காகிதம்.
எல்லாம் ஒரே மதிப்பு, பாயின்ட் ஜீரோ டூ டூ.

அவன் அதே ஈ மைனரை மீட்டினான்.
"இது தகரம்.
இது தேன்.
இது முந்தினதைவிட அகலம்."
அகலம் என்றபோது
நான் எதையும் மாற்றவில்லை.
அணைத்துப் போட்டு
டீக்குச் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தேன்.

சொல்லவில்லை.
பாயின்ட் ஒன்றை மாட்டினேன்.
தடித்த கம்பியின் அதிர்வில்
மேசையிலிருந்த தீப்பெட்டி நகர்ந்தது.
பாயின்ட் ஜீரோ ஜீரோ ஒன்றில்
அதே கம்பி கரைக்கே வரவில்லை.
கீச்சு மட்டும் ஏறி வந்தது.
இதற்குக் காது வேண்டாம், தீப்பெட்டி போதும்.
பெயரைவிட எண்தான் அதிகம் பேசும் என்று
வாயெடுத்தேன்.

"கடைசியாப் பழசைப் போடு" என்றான்.

போட்டேன்.
அவன் தோள் இறங்கியது.
ஓரம் மழுங்கி, நுனியில் லேசாய்க் கிழிந்து,
ஓங்கி மீட்டினால் தொண்டை கட்டி,
ஒரு கணம் பிந்தி மூச்சு விடும் சத்தம்.
எனக்கும் கேட்டது.
இதில் சர்க்கரை இல்லை.

உள்ளே வால்வின் தகடு
அடுப்புக்கம்பியாய்ச் சிவக்கத் தொடங்கியது.

"நீ ஆசைப்படுறது கெப்பாசிட்டருக்கு இல்ல.
அதோட ஓட்டைக்கு."

திரும்பி அந்தச் சிவப்பைப் பார்த்தான்.
"எத்தன நாள் தாங்கும்?"
"இந்தத் திருவிழா தாங்கலாம்.
போகும்போது ட்ரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிட்டுப் போகும்.
அது எந்தக் கடையிலயும் இல்ல."

வெளியே ரயில் ஒன்று
பாலத்தின் மேல் ஊர்ந்து முடிக்கும்வரை
அவன் பேசவில்லை.

மஞ்சள் பாலியெஸ்டரைப் பற்றவைத்தேன்.
அவன் கேட்காமலே
கேத்தோடு ரெசிஸ்டரை ஒரு படி குறைத்தேன்,
வால்வு கொஞ்சம் சூடாகவே ஓடட்டும் என்று.
ஓட்டையை அடைத்து
ஜன்னலை ஒரு விரல் திறந்து வைப்பதுபோல.

மீட்டிப் பார்த்தான். இன்னொரு முறை.
"கிட்டத்தட்ட" என்றான்.

பில்லில் எழுதினேன்:
கெப்பாசிட்டர் பன்னிரண்டு ரூபாய்,
ரெசிஸ்டர் ஐந்து, கூலி முந்நூறு.

பழையதை எடுத்துச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
"மெழுகுக்கறை போகாது" என்றேன்.
"தெரியும்."